கிரேக்கத் தீவில் ஆறுதலாக ஒரு கிழமை: வன்னியில் இருந்து புறப்படுகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் அம்மா அப்பா, சூரிச்சில் மூத்தவர், பாரிசில் அக்கா, லண்டனில் கடைக்குட்டி. வன்னியில் இப்படிச் சிதறாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாரும் சந்திக்கிறது என்றால் வழக்கமாக யாராவது ஒருவருடைய இரண்டு அறை வீட்டில்தான். வீட்டுக்காரர் காலையில் வேலைக்கு ஓட, வந்தவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள். அதே காசில் ஒரு பங்கை எடுத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிரேக்கத் தீவில் வீடு பிடித்து ஒரு கிழமை இருக்கலாம். தனியாகப் போகும் தம்பதிக்கும் கீழே உள்ள கணக்குகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். கதிர்காமத்துக்கு வான் பிடித்தால் போகிற வழியில் ஏழு கோயில், வருகிற வழியில் ஒரு நீர்வீழ்ச்சி என்று அடுக்குகிறவர்கள் நாங்கள். அந்தக் கணக்கைக் கிரேக்கத்துக்கும் கொண்டுபோய் ஏழு நாளில் நாலு தீவு என்று போட்டால், விடுமுறையில் பாதி துறைமுகத்தில் சூட்கேசுக்கு மேல் இருந்தே முடியும். ஒரு தீவு மாறுவது என்றால் காலை 11 மணிக்கு முன் அறையை விட வேண்டும், கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், மறுபக்கத்தில் பிற்பகல் 3 மணி வரை புது அறை கிடைக்காது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு முழுப் பகலைத் தின்னும். ஒரு தீவு, ஒரு வீடு, ஏழு இரவு. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

திட்டத்தைக் கடைசி நாளில் இருந்து பின்னோக்கிப் போடுங்கள். இந்தத் தீவுகள் கிடக்கும் ஏஜியன் கடலில் காற்றுக் கூடினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை மறித்துவிடுவார்கள். பெரிய கப்பல்களுக்குப் பொதுவாகக் காற்றின் வேகம் 8 போஃபோர்ட் (காற்றை அளக்கும் அளவு) ஆனால் தடை வரும், சிறிய அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அங்கே புதினமில்லை, மே 1 அன்று கட்டாயம் எதிர்பார்க்கலாம். ஆகவே நாடு திரும்பும் விமானத்துக்கு முந்திய இரவு ஏதென்சில் நிற்க வேண்டும். தீவில் இருந்து நேரே விமானநிலையம் என்று போட்ட திட்டம் காற்றடித்த ஒரு நாளில் முழு விமானச்சீட்டையும் விழுங்கும். கப்பல் நின்றால் கப்பல் நிறுவனம் கப்பல் காசைத்தான் திருப்பித் தரும், விமானத்துக்கு அது பொறுப்பில்லை. போகும்போதும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவு வேண்டும். ஆக ஏழு இரவுத் தீவு வாழ்க்கைக்கு ஒன்பது இரவு. விசா, காப்புறுதி, லீவு எல்லாவற்றையும் ஒன்பதுக்கே கேளுங்கள்.

எந்த மாதம்

கடலில் குளிக்கவும் நடந்து திரியவும் நல்ல காலம் மே நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டெம்பர் முதல் ஒக்டோபர் முதற்கிழமை வரை. இரண்டில் செப்டெம்பர்தான் எங்களுக்குத் தோது. மே மாதத்தில் வெயில் இருந்தாலும் கடல் 19, 20 பாகையில்தான் இருக்கும். முல்லைத்தீவுக் கடலில் இறங்கிப் பழகியவர்கள் கால் நனைத்த உடனே திரும்பி வருவார்கள். செப்டெம்பரில் அது 24 பாகையை ஒட்டி நிற்கும்.

வயல்காரருக்கும் இது பொருந்தும். சிறுபோக அறுவடை முடிந்து காலபோக விதைப்புக்கு முந்திய இடைவெளி அதுதான். மே கடைசியில் போவதானால் வற்றாப்பளைப் பொங்கல் திகதியை முதலில் பாருங்கள், வைகாசியில் அது வந்துவிடும். சுவிசில் பல கன்டன்களின் இலையுதிர்கால விடுமுறை செப்டெம்பர் கடைசியில் அல்லது ஒக்டோபர் தொடக்கத்தில் வரும். லண்டன் பிள்ளைகளுக்கு மே கடைசிக் கிழமை விடுமுறை உண்டு. பிரான்ஸ் பள்ளி விடுமுறை ஒக்டோபர் பின்பாதியில்தான். அப்போது கடல் குளிரத் தொடங்கும், கடைகளும் பூட்டத் தொடங்கும். எல்லாருக்கும் ஒத்துவரும் கிழமை ஒன்று கிடைக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுத்து மற்றவர்கள் லீவு எடுக்க வேண்டும்.

ஓகஸ்ட் வேண்டவே வேண்டாம். எங்கள் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் அந்த மாதத்தைத்தான் முதலில் நினைப்போம். வட காற்று உச்சத்தில் அடிப்பது யூலையிலும் ஓகஸ்டிலும்தான். அதோடு மடுமாதா திருவிழா நடக்கும் அதே ஓகஸ்ட் 15 கிரேக்கத்துக்கும் பெருநாள். ஏதென்ஸ் சனம் முழுக்கத் தீவுகளுக்கு இறங்கும். தீனோஸ் தீவில் துறைமுகத்தில் இருந்து மாதா கோயில் வரை முழங்காலில் ஊர்ந்து போகிறவர்களை அன்று காணலாம். மடுவுக்கு நேர்த்தி வைக்கிற குடும்பம் ஒன்று அதற்காகவே அந்த நாளில் போக விரும்பினால் போகட்டும், ஆனால் அறையும் கப்பலும் ஆறு மாதத்துக்கு முன்பே பிடித்திருக்க வேண்டும். அது யாத்திரை, ஓய்வு அல்ல.

எந்தத் தீவு

படத்தில் பார்த்த வெள்ளை வீடும் நீலக் கூரையும் என்றால் சன்ரோரினி. விளிம்பில் தொங்குகிற அந்த ஊர்களில் எங்கு போனாலும் படி. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அது தண்டனை. பகலில் உல்லாசக் கப்பல் கூட்டம் வேறு. மிக்கோனோஸ் இரவுக் கொண்டாட்டக்காரருக்கு, விலையும் அப்படியே. கிரீட் அழகான இடம், ஆனால் 8,000 சதுர கிலோமீற்றருக்கு மேல், ஒரு கிழமையில் ஆறுதலாக முடிகிற காரியமில்லை.

எங்கள் பரிந்துரை நக்ஸோஸ். சிக்கிளாடிஸ் தீவுக் கூட்டத்தில் பெரியது, ஏறத்தாழ 430 சதுர கிலோமீற்றர். உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பி வாழாத தீவு. உருளைக்கிழங்கு, பாற்கட்டி, ஒலிவ், ஆடு மாடு என்று தோட்டமும் பட்டியும் உள்ள ஊர். அதனால் சாப்பாட்டு விலை கட்டுப்படியாகும், கமக்காரக் குடும்பத்துக்குப் பார்க்கவும் பேசவும் விஷயம் இருக்கும். மேற்குக் கரையில் அயியோஸ் யோர்யோஸ், அயியோஸ் புரோக்கோபியோஸ், அயியா அன்னா, பிளாக்கா என்று மணல் கடற்கரைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடக்கின்றன. குறை ஒன்று உண்டு: விமான ஓடுபாதை சிறியது, ஏதென்சில் இருந்து வரும் சிறு விமானங்களே இறங்கும். சூரிச்சில் இருந்தோ லண்டனில் இருந்தோ வருகிறவர்களும் ஏதென்ஸ் வழியாகத்தான் வர வேண்டும். இதை நல்லதாக எடுங்கள், எல்லாரும் ஏதென்சில் சேர்ந்து ஒரே கப்பலில் போகலாம்.

கப்பலில் அதிக நேரம் இருக்க முடியாத முதியவர்களுக்கு ஏயினா தீவு. ஏதென்சின் பிரேயஸ் துறைமுகத்தில் இருந்து வேகப் படகில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போகலாம். பிஸ்தாப் பருப்புக்குப் பெயர்போன இடம்.

விசா: எங்கே தவறுகிறது

கிரேக்கம், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான செங்கன் வலயத்தில் உள்ளது. இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய கால செங்கன் விசா வேண்டும். அதிகமானோர் தடுமாறுவது எந்த நாட்டிடம் கேட்பது என்பதில். சட்டம் தெளிவானது: அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம் கேட்க வேண்டும், நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். அப்பா அம்மா சுவிசில் மகனோடு மூன்று கிழமையும் நக்ஸோசில் ஒரு கிழமையும் நிற்கப்போகிறார்கள் என்றால் விண்ணப்பம் சுவிசுக்கு. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் செங்கனில் இருக்கிறது, அதே விசாவில் கிரேக்கம் போகலாம். கிரேக்கத்துக்கு மட்டும் என்றால் கிரேக்கத்திடம். எங்கே ஒப்படைப்பது என்பதை கிரேக்க வெளிவிவகார அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். “அந்த நாடு லேசாகத் தரும், அங்கே போட்டு இங்கே போங்கோ” என்று முகவர் யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். எல்லையில் அறைப் பதிவையும் விசாவையும் ஒப்பிட்டுக் கேட்பார்கள், திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சிக்கலென்றால் 45 நாள் வரை இழுக்கும். மூன்று மாதத்துக்கு முன் கொடுத்தால் நெஞ்சிடி இல்லை. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழ் இல்லை. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. 12 வயது தொடக்கம் எல்லாரும் கைரேகைக்கு நேரில் போக வேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பிய பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். காலம் முடிகிறது என்றால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, முழு நாட்களுக்கும்.

நிராகரிப்புக்கு வழக்கமாக வரும் காரணம், திரும்பிப் போவீர்கள் என்று நம்பவில்லை என்பது. வன்னி விண்ணப்பத்தில் இது ஏன் வருகிறது? ஒன்று, வருமானத்துக்குக் கடதாசி இல்லை. நெல் விற்ற காசு கையில் வந்து கையில் போகும், வங்கிக் கணக்கு வெறுமையாக இருக்கும். விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் மகன் பத்து இலட்சம் போட்டுவிடுவார். அந்த ஒரு வரி முழுக் கணக்கையும் சந்தேகப்பட வைக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே நெல் விற்ற காசு, கடை வருமானம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் வங்கி வழியாக ஓட விடுங்கள். செலவை மகன் பார்ப்பதானால் அதை மறைக்காமல் அவருடைய கடிதம், சம்பளப் பட்டியல், வங்கிக் கூற்று, வதிவிட அட்டைப் பிரதி என்று வெளிப்படையாக வையுங்கள்.

இரண்டு, காணி. உறுதிக் காணி இல்லாமல் அனுமதிப்பத்திரக் காணியாக இருப்பதால் பலர் அதை இணைப்பதே இல்லை. இணையுங்கள், அதுவும் ஊரில் வேர் இருப்பதற்குச் சாட்சி. கமநல சேவை நிலையப் பதிவு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கடிதம், வியாபாரப் பதிவு எல்லாம் பெறுமதியானவை. அரச ஊழியர் வெளிநாட்டு லீவு அனுமதியை முதலிலேயே எடுக்க வேண்டும், அது மேசை மேசையாகப் போகும்.

மூன்று, பெயர். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, வெளிநாட்டு மகனுக்குக் குடும்பப் பெயரே வேறு. உறவை நிறுவப் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். போரில் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். விமானச்சீட்டிலும் கப்பல் சீட்டிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து.

விசா கைக்கு வரும்வரை காசு திரும்பாத எதையும் வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு விமானப் பதிவும், இரத்துச் செய்யக்கூடிய தங்குமிடப் பதிவும் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் தங்கள் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சுவிசில் எஃப் அட்டை (தற்காலிக அனுமதி) வைத்திருப்பவர் முன் அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள் நிற்கலாம். அம்மா அப்பா இடையில் லண்டனுக்கும் போய்வரப் போகிறார்கள் என்றால் பிரித்தானிய விசா தனி, செங்கனும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருமுறை விசாவில் லண்டன் போனால் திரும்பி உள்ளே வர முடியாது.

வீட்டு வாசலில் இருந்து தீவு வரை

கொழும்பில் இருந்து ஏதென்சுக்கு நேரடி விமானம் இல்லை. டோகா, டுபாய், அபுதாபி அல்லது இஸ்தான்புல் வழி. லண்டன் வழியாக மலிவுச்சீட்டு கிடைத்தாலும் எடுக்காதீர்கள், இடைமாறலுக்கே பிரித்தானியா தனி விசா கேட்கும். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்காவுக்கு வாகனத்தில் ஆறேழு மணித்தியாலம். புத்தளம், சிலாபம் வழியாக வந்தால் கொழும்புக்குள் நுழையாமலே விமானநிலையத்தில் இறங்கலாம். இளம் ஆட்கள், குறிப்பாகத் தனியே போகும் ஆண்கள், திரும்பும் சீட்டு, தங்குமிடம், காப்புறுதி மூன்றையும் கடதாசியில் அச்சிட்டு வையுங்கள். தொலைபேசியில் இருக்கிறது என்றால் குடிவரவு அதிகாரி கேள்வி கேட்கும் நேரம் பார்த்து மின்கலம் போய்விடும்.

2025 ஒக்டோபர் 12 இல் இருந்து செங்கன் எல்லையில் புதிய பதிவு முறை படிப்படியாக வந்தது. முதல்முறை நுழைகிறவரின் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். வரிசை நீளும். சூரிச்சில் இறங்கி மாறுவதானால் இடையில் மூன்று மணித்தியாலமாவது விடுங்கள்.

ஏதென்ஸ் விமானநிலையத்தில் இருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு எக்ஸ்-96 பஸ் இரவு பகலாக ஓடும், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், 5.50 யூரோ. மெட்ரோ ரயிலிலும் நேரே போகலாம், 9 யூரோ, ஒரு மணித்தியாலம். ரயிலில் கைப்பைக் கள்ளர் உண்டு. கடவுச்சீட்டும் காசும் உடுப்புக்குள்ளே இருக்கட்டும்.

பிரேயசில் ஓர் இரவு தங்கி, காலை ஏழரை மணியை ஒட்டிப் புறப்படும் பெரிய கப்பலை எடுங்கள். நக்ஸோசுக்கு ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்று மேல், சாதாரணச் சீட்டு 50 யூரோவை ஒட்டி வரும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இலவசம், ஆனால் சீட்டு எடுக்கத்தான் வேண்டும். 5 முதல் 10 வரை அரை. அதிவேகக் கப்பல் ஒன்றரை மணித்தியாலம் மிச்சம் பிடிக்கும், விலை கூட, அலையில் தூக்கிப் போடும், காற்றுக்கு முதலில் நிற்பதும் அதுதான். பெரிய கப்பலில் மேல்தட்டில் கால் நீட்டி இருக்கலாம். விடுமுறை அங்கேயே தொடங்கிவிடும்.

துறைமுகம் பெரியது, வாசல்களுக்கு எண் உண்டு. சிக்கிளாடிஸ் கப்பல்கள் பெரும்பாலும் இ-6, இ-7 பக்கம் நிற்கும். சீட்டில் உள்ள எண்ணை முந்திய மாலையே நடந்துபோய்ப் பார்த்து வைத்தால் காலையில் ஓட்டமில்லை. அரை மணித்தியாலம் முன்பு கப்பலடியில் நில்லுங்கள். சூட்கேசைக் கீழ்த்தட்டில் தீவின் பெயர் எழுதிய தட்டில் வைக்க வேண்டும். மருந்தும் கடவுச்சீட்டும் கையோடு. வழியில் பாரோசில் நிற்கும்போது பதறி இறங்கிவிடாதீர்கள், நக்ஸோஸ் அதற்கு அடுத்தது.

வீடு

கடற்கரையும் கடைத்தெருவும் நடைதூரத்தில் இருக்க வேண்டும் என்றால் அயியோஸ் யோர்யோஸ். சமதரை, கடல் ஆழமில்லை, நகரத்துக்குப் பத்து நிமிட நடை. பழைய நகரத்துக் கோட்டைப் பக்கம் வீடுகள் வடிவு, ஆனால் வாகனம் வாசலுக்கு வராது, வழுக்குகிற கற்படிகளில் சூட்கேசைத் தூக்க வேண்டும். பிளாக்காப் பக்கம் அமைதி, அதோடு கார் இல்லாமல் கஷ்டம்.

பதிவு செய்ய முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: குசினியில் எத்தனை அடுப்பு, பெரிய பானை இருக்கிறதா, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் உண்டா, கீழ்மாடியில் படுக்கையறை உண்டா, துறைமுகத்துக்கு வந்து ஏற்றுவாரா. கடைசிக் கேள்வி முக்கியம், டாக்சி அங்கே குறைவு. குறுங்கால வாடகை வீடுகளுக்கு அரசுப் பதிவு எண் இருக்க வேண்டும், விளம்பரத்தில் அது இல்லாவிட்டால் தள்ளி வையுங்கள். காசை நேரே வங்கிக்கு அனுப்பு என்று கேட்டாலும் தள்ளி வையுங்கள்.

மூன்று குடும்பம் ஒரு வீட்டில் என்றால் கழிவறை எண்ணிக்கை படுக்கை எண்ணிக்கையை விட முக்கியம். தண்ணீர்க் குழாய் கழிவறையில் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் கோப்பையைப் பெட்டிக்குள் போடுங்கள். கழிவுக் குழாய்கள் ஒடுங்கியவை, கடதாசியை உள்ளே போடாமல் பக்கத்தில் உள்ள வாளிக்குள்தான் போட வேண்டும். போட்டால் அடைக்கும், அடைத்தால் முழு வீட்டுக்கும் அவமானம். குடிக்கப் போத்தல் தண்ணீர். மின்சாரம் எங்களைப் போல் 230 வோல்ட், ஆனால் சொருகி இரண்டு உருளைக் கம்பி உள்ளது, மாற்றி வேண்டும்.

சாப்பாடு

சோறில்லாமல் மூன்றாம் நாள் அப்பாவின் முகம் மாறும். சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைச் சுவிஸ்காரர் கொண்டுவரட்டும், அரிசி அங்கே கடைகளில் உண்டு. ஊரில் இருந்து எடுப்பதில் கவனம். இறைச்சியும் பாற்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தடை, ஆகவே நெய், பாற்கோவா, வத்தல் இறைச்சி வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழமும் வேண்டாம், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். மிளகாய்த்தூளுக்குத் தடையில்லை. கருவாட்டுக்கும் இல்லை, ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். ஆனால் வாடகை வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த குடித்தனக்காரருக்கும் மணக்கும். கொண்டு போகலாம் என்பதற்காகக் கொண்டுபோகத் தேவையில்லை.

காலையும் மதியமும் வீட்டில், இரவு வெளியே. அது கட்டுப்படியாகும். மச்சம் சாப்பிடாதவர்கள் கடையில் “நிஸ்தீசிமோ” என்று கேளுங்கள். கிரேக்கத் திருச்சபையின் விரத நாட்சாப்பாடு, அதில் இறைச்சி, முட்டை, பால் இல்லை. விரதத்தில் கணவாய், இறால் சேரலாம் என்பதால் சைவக்காரர் அதையும் சொல்லி விலக்க வேண்டும். ஃபாவா என்பது கடைந்த மஞ்சள் பருப்பு, மேலே வெங்காயமும் ஒலிவ் எண்ணெயும். பாணோடு சாப்பிட அம்மாவுக்குப் பிடிக்கும். தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் சோறு அடைத்த யெமிஸ்தா, திராட்சை இலையில் சோறு சுற்றிய டொல்மாடெஸ் இரண்டும் இறைச்சியோடும் வரும், இல்லாமலும் வரும். கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாட்டிறைச்சி விலக்குகிறவர்கள் மூசாக்கா, கெஃப்தேதெஸ், பிஃப்தேக்கி மூன்றையும் விசாரியுங்கள், அரைத்த இறைச்சியில் மாடு கலந்திருக்கும். கம்பியில் சுழற்றிச் சுட்டுச் சீவும் யீரோஸ் பெரும்பாலும் பன்றி அல்லது கோழி.

மீன் அறிந்த சனத்துக்கு அங்கே சந்தோஷம். கவ்ரோஸ் எங்கள் நெத்தலி போல, மொறுமொறுவென்று பொரித்து எலுமிச்சையோடு வரும். கலமாரி கணவாய். விலைப்பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அது உறையவைத்தது. பெரிய மீன் கிலோ விலைக்கு விற்பார்கள். அடுப்புக்குப் போக முன் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், அது மரியாதைக் குறைவில்லை. மேசைக்கு வரும் பாணுக்குச் சிறிய கட்டணம் சேரும், வேண்டாமென்றால் முதலே சொல்லலாம். தூள் இல்லாமல் வாய் செத்துப்போனவர்கள் ஒரு சிறிய போத்தலில் சம்பல்தூளை வைத்திருங்கள்.

கிரேக்கர் இரவு ஒன்பதுக்குத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். ஏழு மணிக்குப் போனால் கடை முழுக்க உங்களுக்கு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே நல்லது.

நாட்களை எப்படி விடுவது

ஏழு நாளில் மூன்றுக்கு மட்டும் வேலை வையுங்கள், மற்ற நாலையும் வெறுமையாக விடுங்கள். காலை எழும்பித் தேத்தண்ணி, ஒன்பது மணிக்குக் கடல், பதினொன்றுக்கு வீடு. இரண்டு மணி தொடக்கம் ஐந்து மணி வரை ஊரே படுக்கும், சின்னக் கடைகள் பூட்டிக் கிடக்கும். நீங்களும் படுங்கள். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க வெளிக்கிட்டால் வெயில்தான் மிச்சம். வன்னி வெயில் எங்களுக்குப் புதிதில்லை என்று தொப்பி இல்லாமல் திரிவார்கள். அங்கே காற்று உலர்ந்தது, வியர்க்காது, எரிந்தது மாலையில்தான் தெரியும்.

வேலையுள்ள முதல் நாள் மலைக் கிராமங்கள். ஹல்கி, ஃபிலோட்டி, பளிங்குக்கல் பாவிய அப்பிராந்தோஸ். போகும் வழியில் சங்கிரிக்குப் பக்கத்தில் வயல்வெளி நடுவில் தெமெத்தர் கோயில் நிற்கிறது. கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் தானியத் தெய்வத்துக்குக் கட்டியது. தைப்பொங்கலும் புதிரும் தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வழிகாட்டி தேவையில்லை. இரண்டாம் நாள் வடக்கே அப்போலோனாஸ். கல் வெட்டிய இடத்திலேயே முடிக்காமல் விட்ட ஏறத்தாழ 10.7 மீற்றர் நீளச் சிலை மல்லாந்து கிடக்கிறது. பாதை வளைவு நெளிவு, வாந்தி வருகிறவர்கள் மாத்திரை எடுக்க வேண்டும். மூன்றாம் நாளுக்கு, காற்றில்லாவிட்டால் மட்டும், படகில் கூஃபோனிசியா என்ற சிறு தீவுக்கு. துறைமுகத்துக்கு மேலே நிற்கும் போர்த்தாரா என்ற பெரிய கல்வாசலுக்கு நாள் ஒதுக்கத் தேவையில்லை, எந்த மாலையிலும் நடந்து போகலாம்.

பஸ் நிலையம் துறைமுகத்தடியிலேயே. சீட்டை ஏற முன்பே வாங்குங்கள். கிராமப் பஸ் ஞாயிறில் குறைவு, ஒக்டோபரில் இன்னும் குறைவு. அந்த இரண்டு மலை நாளுக்கு மட்டும் கார் எடுப்பது கணக்கு. ஓட்டுகிறவர் சுவிஸ் அல்லது பிரான்ஸ் அனுமதிப்பத்திரக்காரராக இருக்கட்டும். அங்கே வலப்பக்க ஓட்டம், ஏ-9 வீதியில் இருபது வருடம் ஓட்டிய கையும் முதல் சந்தியில் இடப்பக்கம் போகும். இலங்கைப் பத்திரத்துக்கு சர்வதேச அனுமதி வேண்டும், புறப்பட முன் கொழும்பில் இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் எடுக்கலாம். ஸ்கூட்டரும் நாலுசில்லு மோட்டார்சைக்கிளும் வேண்டாம். உரிய வகுப்பு அனுமதி இல்லாமல் ஓடி விழுந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது.

நீந்தத் தெரியாதவர்கள் அயியோஸ் யோர்யோஸில் இடுப்பளவில் நின்று விளையாடலாம். பாறைப் பக்கம் இறங்கினால் ரப்பர் செருப்பு, நத்தைபோல் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலியின் முள்ளு காலில் ஏறும். அவசரத்துக்கு 112. தீவின் தலைநகரான ஹோராவில் மருத்துவமனை இருக்கிறது, பச்சைச் சிலுவை ஒளிர்வது மருந்துக்கடை. நீரிழிவு, அழுத்த மருந்துகளை இரண்டு கிழமைக்கு மேலதிகமாக, மருத்துவர் துண்டோடு, கைப்பையில்.

காசில் ஒரு விஷயம் பலருக்கும் கடைசி நாளில்தான் தெரியவரும். அறை வாடகைக்கு மேல் அரசு காலநிலைக் கட்டணம் ஒன்று அறவிடுகிறது, தங்குமிட வகையைப் பொறுத்து இரவுக்கு 2 யூரோவில் இருந்து 15 யூரோ வரை, ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை கூட. இணையத்தில் காட்டிய விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, அங்கே போய்க் கட்ட வேண்டும். தொலைபேசிக்குப் பிரான்ஸ் சிம் மேலதிகக் கட்டணமில்லாமல் வேலை செய்யும். சுவிஸ், லண்டன் சிம்கள் தங்கள் திட்டத்தைப் பொறுத்தவை. ஊரில் இருந்து போகிறவர் ஏதென்சில் கடவுச்சீட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கிவிடலாம். கோடையில் அங்கே நேரம் எங்களுக்கு இரண்டரை மணி பின்னுக்கு. ஊரில் மாடு, கோழி, தோட்டம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தவர்கள் அங்கே மாலை ஆறரைக்கு முன் அழைத்தால்தான் இங்கே ஒன்பது மணிக்கு முன் ஆளைப் பிடிக்கலாம்.